டெலோரியன் கூரைத் துணி தொங்கியபோது

1981-82இல் வட அயர்லாந்தில் தயாரான டெலோரியன் டிஎம்சி-12 காரில் கதவு மேல்நோக்கித் திறக்கும். கூரையின் ஒரு பகுதி கதவோடு சேர்ந்தே எழும். அதன் உட்புறத் துணியும்தான். 40 வருடப் பழைய வண்டியில் துணி தொங்கினால் பெரும்பாலும் துணியில் குறை இருக்காது. அதன் பின்னால் உள்ள மெல்லிய ஸ்பாஞ்ச் பொடிந்திருக்கும். ஊசி வழியாகப் பசை ஏற்றிப் பார்த்தேன், ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பொடியின் மேல் பசை எங்கே பிடிக்கும்?

துணி ஒட்டியிருக்கும் பலகையை (பேனல்) முழுதாகக் கழற்றுங்கள். கதவு ரப்பர் வழியே நீர் கசிந்த தடம் தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். முகக்கவசம் போட்டு, நைலான் பிரஷ்ஷால் பொடியை முழுக்கத் தேயுங்கள். கம்பி பிரஷ் பலகையைக் கீறிவிடும்.

புதுத் துணி 3 மி.மீ. ஸ்பாஞ்ச் ஒட்டியதாக இருக்கட்டும், சுற்றிலும் 3 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். வெயில் சூட்டைத் தாங்கும் ஸ்ப்ரே பசையே வேண்டும். (கண்ணாடியில் சிறு பகுதி மட்டுமே இறங்கும் வண்டி, உள்ளே அடுப்புதான்.) பலகைக்கு இரண்டு பூச்சு, துணிக்கு ஒன்று. விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும்வரை பொறுங்கள். ஈரத்திலேயே அழுத்தினால் பசை ஊறி வெளியே கறை தெரியும்.

நடுப் பள்ளத்திலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவுங்கள். இழுத்து ஒட்டினால் பள்ளத்தில் துணி மறுபடி எழும்பும். ஓரங்களைப் பின்னால் மடித்து ஒட்டி, ஒரு நாள் கழித்து மாட்டுங்கள்.