கையில் குழந்தை, கதவில் சம்மன்: சேலம் கோர்ட்டுக்குச் சாட்சியாகப் போகும் அம்மாக்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் "ஜூரி டியூட்டி வந்திருக்கு" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பொதுமக்களையே கோர்ட்டுக்கு அழைத்து, வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல வைக்கும் முறை அது. நம் ஊரில் அது இல்லை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜூரிக்கு இடமில்லாமல் போய்விட்டது. இங்கே சாதாரணக் குடும்பத்துக்குக் கோர்ட்டிலிருந்து வரும் தாள் சாட்சி சம்மன்தான். தெருவில் நடந்த விபத்தைப் பார்த்தது, பக்கத்து வீட்டுத் திருட்டில் போலீஸ் எழுதிய மகஜரில் (இடத்தைப் பார்த்தோ பொருளைக் கைப்பற்றியோ எழுதும் பதிவில்) கையெழுத்துப் போட்டது, அக்கா கல்யாணத்து நகைக்குச் சாட்சி என்று ஏதாவது ஒன்றில் பெயர் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் கல்யாணமே ஆகியிருக்காது. வழக்கு விசாரணைக்கு வரும்போது இடுப்பில் எட்டு மாதக் குழந்தை இருக்கும்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஜூரிக்கு அழைக்கப்படும்போது, சிறுகுழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள் விலக்கோ தள்ளிவைப்போ கேட்க விதியே உண்டு. இங்கே சாட்சிக்கு அப்படித் தனி விதி கிடையாது. ஆனால் கேட்டால் கிடைக்கும் சலுகைகள் உண்டு. உங்களுக்குக் குழந்தை இருப்பது சம்மன் அனுப்பிய கோர்ட்டுக்குத் தெரியாது. நீங்கள் எழுதிச் சொன்னால்தான் தெரியும்.

முதலில், வந்தது சம்மனா போலீஸ் அழைப்பா?

இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். "ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்கம்மா" என்று போனில் கூப்பிட்டால் அது சம்மன் அல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவுப்படி, சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விருப்பப்பட்டால் போகலாம். "சார், கைக்குழந்தை இருக்கு, வீட்டுக்கே வந்து கேட்டுக்கோங்க" என்று சொல்வது முழு உரிமை. அங்கே நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

கோர்ட் சம்மன் வேறு. அதில் முத்திரை, வழக்கு எண், கோர்ட் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருக்கும். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் உங்களோடு குடியிருக்கும் வயதுக்கு வந்த குடும்பத்தார் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகலாம். பழைய சட்டத்தில் ஆண்களிடம் மட்டும்தான் கொடுக்கலாம்; இப்போது மாமியார் வாங்கிக் கையெழுத்திட்டாலும் அது உங்கள் கையிலேயே முறைப்படி கொடுத்த மாதிரிதான். வாங்கியவர் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்து மறந்துபோவதுதான் வாரண்ட் வரை போகும் வழக்கமான பாதை. வீட்டில் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கோர்ட் தாள் எது வந்தாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும்.

சம்மன் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது

எந்த ஊர் கோர்ட் என்று பாருங்கள். "சேலம் மாவட்டம்" என்று கண்டதும் சேலம் நகரின் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துக்கு ஓடிவிடுகிறவர்கள் உண்டு. ஆத்தூர், சங்ககிரி, மேட்டூர், ஓமலூரிலும் கோர்ட்டுகள் இருக்கின்றன. அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த வளாகமாகவே இருந்தாலும், உள்ளே எத்தனையாவது மாஜிஸ்திரேட், எந்த மாடி என்பது முக்கியம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குவது சின்ன வேலையில்லை.

அடுத்து வழக்கு எண். சி.சி. என்று தொடங்கினால் மாஜிஸ்திரேட் கோர்ட், எஸ்.சி. என்றால் செஷன்ஸ், ஓ.எஸ். என்றால் சிவில் வழக்கு. 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியில் இந்த எண்ணையோ 16 எழுத்துள்ள சி.என்.ஆர். எண்ணையோ போட்டால் அடுத்த வாய்தா தேதியும், எந்தக் கட்டத்தில் வழக்கு இருக்கிறது என்பதும் தெரியும். சம்மனில் உள்ள தேதியும் செயலியில் உள்ள தேதியும் ஒத்துவராவிட்டால் சம்மனில் உள்ள தேதிக்குத்தான் போக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் இன்னொரு முறை பாருங்கள்.

மூன்றாவது, வேறு யாருக்குச் சம்மன் வந்திருக்கிறது என்று விசாரியுங்கள். இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே சம்பவத்துக்குச் சாட்சி என்றால் இருவரையும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள். ஒரு சாட்சி சொல்லும்போது மற்ற சாட்சிகள் கோர்ட் ஹாலுக்குள் இருக்கக் கூடாது என்பதால், வெளியே இருப்பவர் குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவீர்கள். ஆனால் அவர் பெயரையும் கூப்பிட்டுவிட்டால்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவர் அந்த வழக்கில் சாட்சியாக இல்லாதவராக இருக்க வேண்டும். அம்மா, நாத்தனார், பெரியம்மா மகள், யாராக இருந்தாலும் சரி.

தேதி மாற்றமோ, முன்னதாக விசாரிப்பதோ: எப்படிக் கேட்பது

சம்மன் வந்த இரண்டு மூன்று நாளுக்குள் கேட்டுவிடுங்கள். விசாரணை நாள் காலையில் போய்க் கேட்டால், அன்றைக்கு வந்து காத்திருக்கும் எல்லோருக்கும் எரிச்சல். குற்ற வழக்கில் அரசுத் தரப்பு சாட்சியாக உங்களை அழைத்திருந்தால் முதலில் அரசு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். வழக்குப் போட்ட ஸ்டேஷனின் கோர்ட் ஏட்டிடம் (கோர்ட் வேலைகளைப் பார்க்கும் போலீஸ்காரரிடம்) கேட்டால் அவர் யார், எங்கே உட்காருவார் என்று சொல்லிவிடுவார். சிவில் வழக்கென்றால் உங்களைச் சாட்சியாகப் போட்ட தரப்பின் வக்கீலிடம் கேளுங்கள்.

வாய்வார்த்தையாகச் சொன்னது கோர்ட் பதிவில் ஏறாது. ஒரு வெள்ளைத்தாள் போதும்:

"நான் மேற்படி வழக்கில் அரசுத் தரப்பு சாட்சி. எனக்கு … தேதியில் ஆஜராகச் சம்மன் கிடைத்துள்ளது. எனக்கு … மாதக் கைக்குழந்தை உள்ளது. குழந்தை தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறது. நான் ஏற்காட்டிலிருந்து வர வேண்டியுள்ளது. எனவே என்னை மேற்படி தேதியில் முதல் சாட்சியாக விசாரிக்கும்படியோ, இயலாவிட்டால் … தேதிக்குப் பின் வேறொரு நாளில் விசாரிக்கும்படியோ பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மேலே கோர்ட் பெயர், வழக்கு எண், உங்கள் பெயர். கீழே கையெழுத்து, தேதி. சம்மன் நகலும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலும் இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சீட்டு வேண்டும். "காய்ச்சல்" என்று நீங்களே எழுதினால் பலன் குறைவு.

தள்ளிவைப்பதைவிட முதலில் விசாரிக்கச் சொல்வதே புத்திசாலித்தனம். தள்ளிப்போனால் அந்த நாளிலும் இதே குழந்தை, இதே பயணம். நடக்கத் தொடங்கிய பிள்ளையைக் கோர்ட் தாழ்வாரத்தில் அடக்கி வைப்பதைவிட, தூங்கும் நான்கு மாதக் குழந்தையோடு போவது எளிது. பிரசவ தேதி நெருங்கிவிட்டது, அறுவைசிகிச்சை செய்து சில வாரம்தான் ஆகிறது என்றால் மட்டும் தயங்காமல் தள்ளிவைக்கக் கேளுங்கள்.

காணொளி வழியாகச் சாட்சி சொல்லப் புதிய சட்டத்தின் 254, 265 பிரிவுகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேசுவதல்ல அது. கோர்ட் அனுமதி வேண்டும், மாஜிஸ்திரேட் கோர்ட்டின் வாரண்ட் வழக்குகளில் (இரண்டு வருஷத்துக்கு மேல் சிறைத்தண்டனை வரக்கூடிய வழக்குகளில்) அரசு அறிவித்த இடத்திலிருந்துதான் பேச வேண்டும். வெளியூருக்குக் குடிபோயிருந்தால் கேட்டுப்பார்க்கலாம்.

இதற்கெல்லாம் வக்கீல் வேண்டும் என்று தோன்றினால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் உள்ளிட்ட பழங்குடியினர் என்றால் ஆண்களுக்கும் உண்டு. தொலைபேசி எண் 15100.

போகாமல் விட்டால்

"ஒரு தடவை போகாட்டி என்ன" என்றால், பெரும்பாலும் முதலில் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட் வரும். அதை எடுத்துக்கொண்டு போலீஸ் வீட்டுக்கு வரும். காரணமில்லாமல் வராத சாட்சிக்குக் கோர்ட்டே சுருக்கமாக விசாரித்து 500 ரூபாய் வரை அபராதம் போடலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 208-இன்படி தனி வழக்கானால் 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் இருக்கிறது. வாரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்தால் ஒளியாமல் அடுத்த வேலை நாளே நேரில் போய், காரணத்தைச் சொல்லி வாரண்டைத் திரும்பப் பெற மனுக் கொடுங்கள். குழந்தையை மருத்துவமனையில் சேர்த்த சீட்டு கையில் இருந்தால் அதையும் இணையுங்கள்.

அந்த நாள்

கூண்டில் நிற்பது அரை மணி நேரமாக இருக்கலாம். அதற்காகக் காத்திருப்பது காலை 10.30 முதல் சாயங்காலம் வரை. ஆகவே முழு நாளுக்குத் தயாராகுங்கள்.

ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியதில்லை. மலை பஸ் கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகும், அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். 20 கொண்டை ஊசி வளைவில் குழந்தைக்கு வாந்தி வரும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லேசாக ஊட்டிவிட்டு, முன்பக்க சீட்டில் உட்காருங்கள். மலை இறங்கும்போது பால் கொடுத்தால் அது உங்கள் புடவையில்தான் திரும்பி வரும். மாற்றுச் சட்டை பையின் மேலாக இருக்கட்டும். மேலே போட்ட ஸ்வெட்டரை அடிவாரத்திலேயே கழற்றுங்கள். சேலம் வெயிலில் அதோடு தூங்கும் குழந்தை வியர்த்து அழும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றால் குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டணம் இறங்கி, நகரத்துக்குள் புகுந்து வர வேண்டும். அப்படி மழை பெய்துகொண்டிருந்தால் முந்தின நாளே கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

குழந்தையை வீட்டில் விட்டுப் போவதாக இருந்தால் பாலைப் பீய்ச்சி வைக்கும் பழக்கத்தை ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். அன்று காலையில் முதல் முறை முயன்றால் ஒரு வேளைக்குக்கூடத் தேறாது. பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் 4 மணி நேரம் தாங்கும். சேலம் வெயில் அதைத் தாண்டிவிடும் என்பதால் பிரிட்ஜில் வையுங்கள், அதில் 4 நாள் இருக்கும். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 24 மணி நேரம். பாட்டிலை வாயில் வாங்காத குழந்தைக்குப் பாலாடையில் பாட்டியே கொடுத்துவிடுவார். பால் பவுடர் கலக்கினால் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிளாஸ்கில் கலக்கிய பாலைச் சூடாக வைத்துக்கொண்டு மதியம் கொடுப்பதுதான் வயிற்றுப்போக்குக்கு நேர்வழி. வெந்நீரும் பவுடரும் தனித்தனியாக எடுத்துப் போங்கள். உங்களுக்கும் ஒரு துண்டு வேண்டும்: பால் கட்டினால் மார்பு வலிக்கும், ரவிக்கை நனையும்.

10.15-க்குள் கோர்ட் ஹால் வாசலில் பெஞ்ச் கிளார்க்கிடம், "சாட்சி வந்திருக்கேங்க, கைக்குழந்தை இருக்கு, மனுக் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அரசு வழக்கறிஞர் கண்ணில் படும்படி நில்லுங்கள். டவாலி (கோர்ட் வாசலில் பெயர் கூப்பிடும் ஊழியர்) பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் மரத்தடியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் 'ஆஜரில்லை' என்று எழுதிவிடுவார்கள். கூட வந்தவர் வாசலிலேயே இருந்து காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டு பேர் துணைக்கு வந்தால் ஒருவர் குழந்தைக்கு, ஒருவர் வாசலுக்கு. போனை நிறுத்திவிட்டு உள்ளே போங்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். வந்திருக்கும் சாட்சியைத் தனிக் காரணம் எழுதாமல் விசாரிக்காமல் அனுப்பக் கூடாது என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆம் பிரிவு. "ஐயா, பால்குடிக் குழந்தையை விட்டுட்டு மலையிலிருந்து வந்திருக்கேன், இன்னைக்கே விசாரிச்சா உதவியா இருக்கும்" என்று நீதிபதியிடம் நேராகச் சொல்லலாம். பெண் நீதிபதி என்றால் "அம்மா". முதல் விசாரணை மட்டும் முடித்துக் குறுக்கு விசாரணையைத் தள்ளினால் இன்னொரு முழு நாள் போகும். அதனால் குறுக்கு விசாரணையையும் அன்றே முடிக்கக் கேளுங்கள்.

கூண்டில் நிற்கும்போது வெளியே குழந்தை அழுதால் கவனம் சிதறும். அவசரத்தில் "ஆமா ஆமா" என்று தலையாட்டுவது வழக்கைக் கெடுக்கும். "ஐயா, ஐந்து நிமிஷம் பால் கொடுத்துட்டு வர்றேன்" என்று கேளுங்கள். நிற்க முடியாவிட்டால் நாற்காலி கேளுங்கள். தெரியாததற்குத் தெரியாது, மறந்ததற்கு ஞாபகம் இல்லை, இரண்டும் ஒன்றல்ல. முடிந்ததும் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுவார்கள். குழந்தை அழுகிறதென்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தேதியோ நேரமோ மாறியிருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள்.

கிளம்பும் முன் இரண்டு தாள் வாங்க வேண்டும். ஒன்று, ஆஜரானதற்குச் சான்று. வேலைக்குப் போகிறவர்களுக்கு, எஸ்டேட்டில் நாள்கூலி பார்ப்பவர்களுக்கும்கூட, லீவு கேட்க அதுதான் ஆதாரம். இரண்டாவது சாட்சிப் படிக்கான விண்ணப்பம். குற்ற வழக்கில் விதிப்படி அரசு தரும் செலவுத்தொகை அது. பஸ் டிக்கெட்டுகளைக் கசக்கி எறியாமல் வைத்திருங்கள். சிவில் வழக்கில் உங்களை அழைத்த தரப்பு அந்தப் பணத்தை முன்பே கோர்ட்டில் கட்ட வேண்டும், சம்மனோடு சேர்த்தே உங்கள் கைக்கு வர வேண்டும். தொகை பெரிதாக இருக்காது. ஆனாலும் கேட்டு வாங்குங்கள், ஆட்டோவுக்காவது ஆகும்.