குட்வில்லுன்னா "நல்ல பேரு"ன்னு நெனச்சு ஏமாறாதீங்க

எங்க மாமா தென்னாப்பிரிக்கால, டர்பன் சாட்ஸ்வொர்த்ல வச்சிருந்த டேக்அவே கடைய 9 லட்சம் ரேண்டுக்கு பேசி வித்தாரு. ஃப்ரிட்ஜ், ஃப்ரையர், சரக்கு எல்லாம் சேத்து அன்னைக்கு மார்க்கெட் வெல 7 லட்சம், சப்ளையர் பாக்கி 1 லட்சம், ஆக கைல நிக்கறது 6. மிச்சம் 3 லட்சம் எதுக்கு மாமான்னு கேட்டா, "பன்னி சௌ (பிரெட்டுக்குள்ள கறிக்கொழம்பு ஊத்தி குடுக்குறது) வாங்க நிக்குற கூட்டத்துக்குடா"ன்னாரு. அந்த 3 லட்சந்தான் குட்வில். ஆனா அது மாமா கணக்கு புக்ல ஒரு நாளும் இருந்ததில்ல, வாங்குனவர் புக்லதான் போய் உக்காந்துச்சு.

நெறைய பேரு சறுக்குறது இங்கதான். சொந்தமா சம்பாதிச்ச பேர குட்வில்லுன்னு எழுத ஐஏஎஸ் 38ங்குற சர்வதேச கணக்கு விதி விடாது, இன்னொரு பிசினஸ வாங்குனா மட்டுந்தான் அது பிறக்கும். அதனால ஒரு கம்பெனி பேலன்ஸ் ஷீட்ல குட்வில் மலை மாதிரி இருந்தா பேரு பெருசுன்னு அர்த்தமில்ல, வாங்கும்போது அவ்வளவு கூட குடுத்துருக்காங்கன்னுதான் அர்த்தம்.

அந்த மிச்சத்த கணக்கு போடும்போது பழைய புக் வெலைய கழிக்காதீங்க, இன்னைய நியாய விலையத்தான் கழிக்கணும். பிராண்டு, கஸ்டமர் காண்ட்ராக்ட் மாதிரி தனியா பிரிச்சு மதிப்பு போட முடியுறத எல்லாம் மொதல்ல எடுத்துடணும், எதுலயும் சேராம நிக்குறதுதான் குட்வில்.

வருஷா வருஷம் தேய்மானம் போடுவாங்கன்னு நெனைக்கிறதும் தப்பு. ஜோஹன்னஸ்பர்க் பங்குச்சந்தைல இருக்குற கம்பெனிங்க ஐஎஃப்ஆர்எஸ்ங்குற சர்வதேச கணக்கு விதிங்கள முழுசா ஃபாலோ பண்ணணும், அதுல தேய்மானம் கெடையாது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது இம்பேர்மெண்ட் டெஸ்ட் பண்ணணும், அதாவது குட்வில் இன்னும் அந்த மதிப்புக்கு தேறுதான்னு பாத்து, தேறலேன்னா கொறச்சு நஷ்டமா எழுதணும். சின்ன கம்பெனிக்கான ஸ்டாண்டர்டுல தேய்மானம் உண்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சு லாபத்த ஒப்பிட்டா தப்பாத்தான் வரும். இன்னொண்ணு, குட்வில்ல ஒரு தடவ கொறச்சா கொறச்சதுதான், அப்புறம் பிசினஸ் நல்லா வந்தாலும் திருப்பி ஏத்த முடியாது.

இப்படி கொறைக்கும்போது எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது "அது சும்மா பேப்பர் என்ட்ரி, காசா போச்சு"ங்குற பேச்சுதான். கம்பெனிய வாங்குன அன்னைக்கே காசு போயிடுச்சுங்க! ஸ்டீயர்ஸ், விம்பி நடத்துற ஃபேமஸ் பிராண்ட்ஸ் 2016ல லண்டன்ல இருக்குற கோர்மே பர்கர் கிச்சன 12 கோடி பவுண்டுக்கு வாங்குச்சு, 2018லயே பெருசா இம்பேர்மெண்ட் போட்டாங்க, 2020 அக்டோபர்ல அந்த செயினே அட்மினிஸ்ட்ரேஷனுக்கு (கடன் கட்ட முடியாம நிர்வாகி கைக்கு) போயிடுச்சு. இதுல நம்ம ஊரு ஆளுங்க விழுற குழி ஒண்ணு இருக்கு, இங்க எல்லாரும் பாக்குறது ஹெட்லைன் எர்னிங்ஸ்ங்குற லாபக் கணக்கு, அதுல குட்வில் இம்பேர்மெண்ட கழட்டி விட்டுருவாங்க, அந்த ஒரு நம்பர மட்டும் பாத்தா நஷ்டம் நடந்ததே தெரியாது.

டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சுன்னும் நிம்மதியா இருந்துடாதீங்க. வாங்குன கடைய ஏற்கனவே நல்லா ஓடுற யூனிட்டோட (டெஸ்டுக்காக ஒண்ணா பாக்குற பிரிவு) சேத்துட்டா, பழைய கடையோட லாபத்துல புதுசோட ஓட்டை மறைஞ்சிடும். கணக்கறிக்கை நோட்ஸ்ல, வரப்போற காச இன்னைய மதிப்புக்கு கொண்டுவர போட்ட டிஸ்கவுண்ட் ரேட் என்ன, வளர்ச்சி எத்தன சதவீதம் போட்டுருக்காங்க, எந்த யூனிட்ல சேத்துருக்காங்கன்னு படிங்க, போரடிக்கும், ஆனா விஷயமே அங்கதான் கெடக்கு.

மாமா கடைய வாங்குனவரு அடுத்த வருஷம் லோன் கேட்டு பேங்குக்கு போனாரு. அவங்க பேலன்ஸ் ஷீட்ட வாங்கி மொத வேலையா அந்த 3 லட்சத்த கோடு போட்டு அடிச்சிட்டுத்தான் மிச்சத்த பாத்தாங்களாம்.