பழைய ஜெயில் பேய்க்கதைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பழைய ஜெயில் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞர் தன் நண்பர்களுக்கு ஒரு கதை சொன்னார். இங்கிருந்த ஜெயிலில் தூக்கில் போடப்பட்ட கைதி அமாவாசை இரவில் காலில் சங்கிலியோடு நடக்கிறானாம். 2009இல் ஜெயிலை இடித்த பிறகு சத்தம் இன்னும் கூடிவிட்டதாம். கதை நன்றாகத்தான் இருந்தது. டீ ஆறும்வரை நானும் கேட்டேன். ஆனால் 2009இல் இடித்தது வேறு ஜெயிலை.

முதல் தவறு இதுதான், இரண்டு சிறைகளை ஒன்றாகக் குழைப்பது. ஜார்ஜ் டவுனின் வட கோடியில் இருந்த பழைய சிறை வளாகத்தில் 1964இல் தொடங்கப்பட்ட பாரதி மகளிர் கல்லூரி இயங்குகிறது. சாலைக்குப் பெயர் கொடுத்தது அந்தச் சிறை. இடிக்கப்பட்டது பார்க் டவுனில், கூவம் ஓரத்தில், அரசு பொது மருத்துவமனையின் பின்னால் இருந்த மத்திய சிறை. 1837இல் கட்டப்பட்டது. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். இடிப்பதற்கு முன் மக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். இன்று அங்கே நிற்பவை மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள். பேய்க்கு வழி தெரியும் என்றே வைத்துக்கொண்டாலும், பார்க் டவுனில் செத்தவன் இவ்வளவு தூரம் நடந்து வருவானேன்?

அடுத்தது சுவர். இதே சாலையிலுள்ள மாடிப் பூங்காவின் கனத்த மதிலைக் காட்டி ‘ஜெயில் சுவர்’ என்கிறார்கள். அது ஊர்ச் சுவர். பதினெட்டாம் நூற்றாண்டில் எதிரிப் படைகளுக்குப் பயந்து ஆங்கிலேயர் கறுப்பர் நகரை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி எழுப்பிய மதிலின் மிச்சம். வால்டாக்ஸ் சாலை என்ற பெயரும் அந்த மதிலுக்காகப் போட நினைத்த வரியிலிருந்து வந்ததுதான். அடைத்து வைக்க அல்ல, உள்ளே விடாமல் இருக்கக் கட்டியது அது.

கல்லூரியின் பெயரை வைத்துக்கொண்டு பாரதியார் இங்கே அடைபட்டிருந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. 1918இல் அவர் இருந்தது கடலூர்ச் சிறையில். வ.உ.சி. செக்கிழுத்தது கோயம்புத்தூரில். தியாகிகளை இஷ்டத்துக்கு இடமாற்றம் செய்யக் கூடாது.

சத்தத்துக்கு வருவோம். சங்கிலிச் சத்தம் பொய் என்று நான் சொல்லமாட்டேன்; இந்தப் பக்கம் வளர்ந்த எல்லோரும் கேட்டதுதான். பேசின் பிரிட்ஜ் பக்கம் நள்ளிரவில் ரயில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும்போது, ஒன்றன்மேல் ஒன்று இடித்து ‘டணங் டணங்’ என்று வரிசையாக ஓடும் இரும்பு ஓசை அது. பகலில் லாரி இரைச்சலில் காதில் விழாது. இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று மூடியிருந்தால் ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் வரும். ‘பெண் அலறல்’ கூகையினுடையது. சாக்குருவி என்று பாட்டிமார் பயமுறுத்துவார்களே, அதுதான். பழைய கட்டடப் பொந்துகள் அதற்குப் பிடித்த வீடு. செல்போன் படத்தில் விழும் வெள்ளை வட்டங்கள் ஆவியல்ல. லென்ஸுக்கு முன்னால் பறக்கும் தூசி மேல் பட்ட ஃபிளாஷ் வெளிச்சம்.

இரவில் சுவர் ஏறிக் குதித்துப் ‘பேய் வேட்டை’ ஆடுவது எதிலும் சேராத முட்டாள்தனம். அது பெண்கள் படிக்கும் கல்லூரி. போலீஸ் வந்தால் பேயைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

எனக்கு நிஜமாகவே கோபம் வரும் தவறு வேறு. ‘யாரோ ஒரு கைதி’ என்று தொடங்குகிறார்களே, அது. சிறையால் செத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துச் சென்னையில் சிறை சென்ற நடராசன், நோயுற்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு 1939 ஜனவரியில் இறந்தார். மார்ச்சில், அதே போராட்டத்தில் சிறை சென்ற தாளமுத்து. நெருக்கடி நிலையின்போது 1976இல் மத்திய சிறையில் மிசா கைதிகள், அதாவது விசாரணையின்றி அடைக்கும் சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்கள், அடித்து நொறுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அதை விசாரித்தது. இவர்களை விட்டுவிட்டுப் பெயரில்லாத ஒருவனுக்குச் சங்கிலி மாட்டி நடக்கவிடுகிறோம்.

தாளமுத்து, நடராசன் இருவரும் மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் என்று அந்த இளைஞரிடம் சொன்னேன். பக்கம்தான், நடந்தே போகலாம் என்றேன். அவர் முகம் மாறியது.

“அது சுடுகாடாயிற்றே அண்ணா, ராத்திரியில் எப்படிப் போவது?”

“பகலில் போ தம்பி” என்றேன்.