வொர்க்ஸ்டேஷன் எவ்வளவு இரையும்? வாங்குமுன் கணிக்க, வாங்கியபின் அடக்க

கோவை காந்திபுரத்துக் கடையில் ஏசி 24 டிகிரியில் ஓடும். டெமோவுக்கு வைத்த வொர்க்ஸ்டேஷனில், அதாவது டிசைன், ரெண்டரிங் மாதிரி கனமான வேலைக்கான கம்ப்யூட்டரில், வால்பேப்பர் மட்டும் தெரியும். காதை ஒட்டி வைத்தாலும் சத்தம் இருக்காது. அதே மெஷின் திருப்பூரில் சிமென்ட் ஷீட் வேய்ந்த மாடி ஆபீசுக்கு ஏப்ரலில் வந்து, மார்க்கர் நெஸ்டிங்கோ (துணியில் வெட்டுத் துண்டுகளை நெருக்கி அடுக்கும் கணக்கு) ரெண்டரிங்கோ ஓடத் தொடங்கியதும் மிக்சி மாதிரி இரைகிறதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. ஃபேனை விரட்டுவது சூடு. மெஷின் தின்னும் வாட்டும் அறையின் டிகிரியும் தெரிந்தால், வாங்குமுன்பே இரைச்சலைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடலாம்.

கணக்கு இப்படி: 24 டிகிரி அறையில் 1000 ஆர்பிஎம்மில் சுற்றும் ஃபேன் பிராசசரை 70 டிகிரியில் வைத்திருந்தால், 37 டிகிரி அறையில் அதே வேகத்தில் பிராசசர் 83க்குப் போய் நிற்கும். அவ்வளவு தூரம் போக மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் விடாது. ஃபேனை 1600க்கு ஏற்றிவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் வேகம் இரட்டித்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். 1000 போய் 1600 ஆனால் 10 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். சித்திரை வெயில் மட்டும் சேர்ப்பது இவ்வளவு.

இதையே திருப்பிப் போட்டால் மருந்தும் கிடைக்கிறது. ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 1500 ஆர்பிஎம்மில் ஓடும் ஒரு ஃபேனுக்குப் பதில் 750இல் இரண்டை ஓட்டினால், தடையில்லாத இடத்தில் காற்று அதே அளவு, சத்தமோ 12 டெசிபல் குறைவு. அதனால் ஃபேன் அதிகமானால் சத்தமும் அதிகமாகும் என்று பயப்பட வேண்டாம். 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது நல்ல தொடக்கம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் அழகாக இருக்கும். காற்று புகச் சந்து இருக்காது. இந்த வெயிலுக்கு ஜாலி போட்டதே சரி.

பிராண்டட் வொர்க்ஸ்டேஷன் என்றால் டேட்டாஷீட்டில் ஒலி அளவு இருக்கும். அது பல சமயம் பெல் கணக்கில் வரும்; ஒரு பெல் 10 டெசிபல். 4 பெல் என்று கண்டதும் காதில் 40 டெசிபல் கேட்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது மெஷின் வெளிவிடும் மொத்த ஒலித்திறன். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சுமாராக 8 டெசிபல் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அளவு எடுக்கப்படுவது 23 டிகிரி வாக்கிலுள்ள அறையில், அதுவும் பல ஷீட்களில் மெஷின் சும்மா இருக்கும்போதோ ஹார்ட் டிஸ்க் மட்டும் ஓடும்போதோ. நம் வேலைக்கு அது பாதிக் கதைதான்.

வேலை எப்படிப்பட்டது என்பதில்தான் மீதிக் கதை. பம்ப் செட்டுக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் பார்ட் வரைவது பெரும்பாலும் ஒரே கோரில் நடக்கும். சூடு குறைவு, மெஷின் அமைதி. அதே பம்பில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கு ஃப்ளோ சிமுலேஷன் (நீரோட்டக் கணக்கு) போட்டால் எல்லாக் கோரும் மணிக்கணக்கில் கொதிக்கும். எம்பிராய்டரி டிசைன் போடுபவருக்கு 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு வெட்டிச் செலவு. ரெண்டரிங்கே பிழைப்பு என்றால் வாட்டுக்குத் தப்ப முடியாது. அந்த மெஷின் உட்காரும் இடத்தைத்தான் யோசிக்க வேண்டும்.

கடையில் சோதிக்கக் கிடைத்தால் அரை மணி நேரம் கேளுங்கள். சூட்டையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவைத் திறந்து வைத்து, பிராசசரை முழு வேலை வாங்கும் சினிபெஞ்சை லூப்பில் விடவும். கிராபிக்ஸ் கார்டுக்கு இதே வேலையை ஃபர்மார்க் செய்யும். முதல் ஐந்து நிமிடச் சத்தத்தை நம்ப வேண்டாம்; ஹீட்சிங்கும் (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) கேபினெட்டும் சூடேற 20 நிமிடம் ஆகும். நாற்காலியில் உட்கார்ந்து காதிருக்கும் இடத்தில் மொபைலைப் பிடித்து டெசிபல் ஆப்பில் அளவெடுக்கவும். மொபைல் காட்டும் எண் அப்படியே சரியாக இருக்காது, ஆனால் ஒரே மொபைலில் ஒரே இடத்தில் எடுத்தால் இரண்டு மெஷின்களை ஒப்பிடப் போதும். கடை இரைச்சலில் அளவு கெடும், காலையில் கடை திறந்ததும் போங்கள்.

வாங்கிவிட்டவர்கள் முதலில் தொட வேண்டியது வாட்டைத்தான். இன்டெல் ஐ9 14900கே பிராசசர் உச்சத்தில் 253 வாட் இழுக்கும். பயாஸில் பிஎல்1, பிஎல்2 என்ற வாட் வரம்புகள் இரண்டையும் 125இல் நிறுத்திப் பாருங்கள். வாட் பாதியானால் வேகம் பாதியாகாது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் சிப் அவ்வளவு கரண்ட் குடிக்கிறது. ஏஎம்டி ரைசன் பிராசசரில் எகோ மோடு இதே வேலையைச் செய்யும். கிராபிக்ஸ் கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கவும். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது ஃபேன் கர்வ், அதாவது எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்ற அமைப்பு. சீராக இரையும் ஃபேனைக் காது மறந்துவிடும். ஏறி ஏறி இறங்கும் ஃபேன்தான் உயிரை வாங்கும். ஒரு ஃபைலைத் திறந்தால் சிப் ஒரே நொடியில் 15 டிகிரி தாவும், ஹீட்சிங்க் அசையவே அசையாது. அந்தத் தாவலுக்கு ஃபேன் ஓடத் தேவையில்லை. பயாஸில் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் நேரத்தை (ஃபேன் வேகம் ஏறவும் இறங்கவும் எடுக்கும் நேரம்) 4, 5 நொடியாக்கவும். ஏசி இல்லாத அறைக்கு 55 டிகிரி வரை 30 சதவீதம், 70இல் 45, 80இல் 65, 90இல் 100 என்று வைத்துப் பார்த்து மேலேயோ கீழேயோ நகர்த்தலாம். ஒயர் முனையில் மூன்று பின் (pin) மட்டும் உள்ள ஃபேனை, நான்கு பின் ஃபேனுக்கான பிடபிள்யூஎம் மோடில் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் சுற்றும். ஃபேன் செருகும் அந்த ஹெடரை, வோல்டேஜால் வேகத்தைக் குறைக்கும் டிசி மோடுக்கு மாற்ற வேண்டும். இது தெரியாமல் ஃபேனையே தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையா? காலி நூல் கோன் ஒன்று எடுங்கள், நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. அகல வாயைக் கேபினெட் பக்கம் காட்டி, குறுகிய முனையைக் காதில் வைத்து மெதுவாக நகர்த்தினால் குற்றவாளி தெரிந்துவிடும். உறுமல் என்றால் ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம் டிஸ்க்கின் அதிர்வு 120 ஹெர்ட்ஸ், தகரத்தையும் மேசையையும் கூடவே அதிரவைக்கும். உள்ளங்கையால் பக்கத் தகட்டை அழுத்தும்போது சத்தம் குறைந்தால் ரப்பர் வாஷர் போடவும், தகட்டின் உட்புறம் ஃபோம் ஒட்டவும். கீச்சென்று கேட்டு, மவுஸை உருட்டும்போது சுருதி மாறினால் அது கார்டிலோ போர்டிலோ உள்ள கம்பிச் சுருளின் (காயில்) அதிர்வு, பழுதில்லை. ஃப்ரேம் ரேட்டுக்கு வரம்பு வைத்தால் தணியும். லிக்விட் கூலரில் களகளவென்றால் பம்புக்குள் காற்று: ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டவும். எங்குமே சிக்காவிட்டால் யூபிஎஸ்ஸிடம் கோனைக் காட்டுங்கள். ஆன்லைன் யூபிஎஸ்ஸின் ஃபேன் நாள் முழுக்க ஓடும், பழி கம்ப்யூட்டருக்குப் போகும்.

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடும் இடத்திலும், திருப்பூரில் நிட்டிங் யூனிட்டுக்குள்ளும் பஞ்சுதான் பெரிய எதிரி. சாதாரண தூசி உதிரும், பஞ்சு பின்னிக்கொள்ளும். ஃபில்டரைக் கழுவிவிட்டோம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஹீட்சிங்க் ஃபேனின் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள்: ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம், கையால் உரித்தால் முழுசாக வரும். காற்று போக வழியில்லாமல் ஃபேன் கத்துவது அதனால்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் படலம். ஆடிக்காற்று வீசும்போது இன்னும் சீக்கிரம். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பிறகு கைப் ப்ளோயர். யூனிட்டில் இருக்கும் கம்ப்ரஸர் குழாயைத் திருப்பாதீர்கள். அதன் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், போர்டில் படிந்தால் பஞ்சு இன்னும் நன்றாக ஒட்டும்.

மேசைக்கடியில் சிபியு வைப்பதற்கென்று பலகையால் அடைத்த பொந்து இருக்குமே, அதன் பின்பலகையைக் கழற்றிவிட்டு, சுவருக்கு 15 செ.மீ. இடம் விடவும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறை சத்தத்தைத் திருப்பி அடிக்கும், ஒரு திரைச்சீலை கூட உதவும். 3 மீட்டர் டிஸ்பிளேபோர்ட் கேபிள் இருந்தால் மெஷினை அடுத்த அறைக்கே தள்ளலாம்.

கரகரவென்றால் முதலில் ஒயர் ஏதும் இறக்கையில் உரசுகிறதா பார்க்கவும். இல்லையென்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஃபேனின் பின்புற ஸ்டிக்கரை உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் திறந்து தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் தாக்குப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். அதற்குள் பழைய ஃபேனின் அளவையும் ஒயர் முனையில் எத்தனை பின் என்பதையும் குறித்துக்கொண்டு போய்ப் புதிது வாங்கி மாட்டிவிடுங்கள்.