பொலிஸிலயும் அரசியல்வாதியிலயும் கோவம் எண்டால் அதைக் கடுதாசியில இறக்கிற வழி

2023 நவம்பர்ல சித்தங்கேணிப் பெடியன் ஒருத்தரை வட்டுக்கோட்டை பொலிஸ் பிடிச்சு, அடிச்சதெண்டு அவரே ஆஸ்பத்திரியில சொன்ன வீடியோ வெளிய வந்து, பிறகு விளக்கமறியல்ல இருக்கேக்க ஆள் செத்துப்போன நேரம் யாழ்ப்பாணம் முழுக்கக் கொதிச்சது ஞாபகம் இருக்கும். ரோட்டில நிண்டவை, பேஸ்புக்கில எழுதினவை, புரபைல் படத்தைக் கறுப்பாக்கினவை எல்லாரும் இருந்தவை. பொலிஸ்காரர் சிலர் பிறகு கைதானதுக்குக் காரணம் அந்தச் சத்தம் மட்டும் இல்ல, அவர் சொன்ன வார்த்தையும் வைத்திய அறிக்கையும் நீதவான் முன்னால போய் நிண்டதுதான். அந்தக் கடுதாசிப் பக்கத்தை எங்கட சனம் கொஞ்சம் விட்டிடுது, அதாலதான் இதை எழுதுறன்.

முதல்ல பொலிஸ் கதை.

உங்களுக்கோ வீட்டுக்காரருக்கோ பொலிஸால ஏதும் நடந்தால் அண்டைக்கு இரவே ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கோ. நேரம், இடம், எந்த ஸ்டேஷன், சட்டையில இருந்த பேர், இலக்கம், வாகன நம்பர், பக்கத்தில நிண்ட ஆக்கள் யார், என்ன சொன்னவை எண்டு எல்லாம். ரெண்டு நாள் கழிச்சு எழுதினால் அரைவாசி மறந்திடும், மிச்ச அரைவாசியை கோவம் மாத்திப் போடும். இலக்கம் தெரியாட்டி "உயரமான ஆள், நெத்தியில தழும்பு" எண்டாலும் பரவாயில்ல.

அடிச்சிருந்தால் நேர ஆஸ்பத்திரி. அங்க டொக்டர் "என்ன நடந்தது" எண்டு கேக்கேக்க "விழுந்திட்டன்" எண்டு சொல்லாதேங்கோ. எங்கட ஆக்கள் பயத்தில சொல்லுற இந்த ஒரு சொல்லால எத்தினையோ வழக்கு அந்த இடத்திலயே செத்திருக்கு, ஏனெண்டால் ஆஸ்பத்திரி டிக்கெட்டில, அதுதான் நோயாளியின்ர விபரம் எழுதுற கடுதாசியில, என்ன எழுதினவையோ அதைத்தான் பிறகு எல்லாரும் தூக்கிக் காட்டுவினம். "பொலிஸ் அடிச்சது" எண்டு சொல்லுங்கோ, சட்ட வைத்திய அதிகாரியிட்ட காட்டச் சொல்லிக் கேளுங்கோ. காயத்தைப் போன்ல படம் எடுத்து ஆருக்காவது உடனயே அனுப்பி விட்டால் திகதியும் அதிலயே பதிஞ்சிடும். ஆளைப் பிடிச்சு வச்சிருந்து நீதவானிட்டக் கொண்டு போனால் அங்க வாயைத் திறந்து சொல்லோணும், "ஐயா, என்னை அடிச்சவை" எண்டு. நீதவான் வைத்தியப் பரிசோதனைக்கு உத்தரவு போடலாம். சாதாரண சட்டத்தில பிடிச்ச ஆளை 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவான் முன்னால கொண்டு போகோணும், ஏன் பிடிச்சம் எண்ட காரணத்தையும் சொல்லோணும். பயங்கரவாதத் தடைச் சட்டம் எண்டால் அது 72 மணித்தியாலம், அது வேற ஒரு பெரிய தலையிடி.

ஆள் உள்ள இருக்கெண்டால் வீட்டுக்காரர் 1996க்குப் போன் அடியுங்கோ. அது மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர இலக்கம், அவையின்ர பிராந்தியக் காரியாலயம் யாழ்ப்பாணத்திலயும் இருக்கு. அவைக்கு ஸ்டேஷனுக்குள்ள போய்ப் பாக்கிற அதிகாரம் இருக்கு. சட்டத்தரணி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு ஸ்டேஷன் மறிக்க ஏலாது, 2012ல வந்த பொலிஸ் விதியிலயே அது இருக்கு. காசில்லை எண்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின்ர நிலையம் யாழ்ப்பாணத்தில இருக்கு, அங்க போய்க் கேளுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்ல.

அடுத்தது வாக்குமூலம். இதில கொஞ்சம் நிண்டு கதைக்கோணும், ஏனெண்டால் எங்கட பக்கம் பிழைக்கிறது கூடுதலா இங்கதான். வாங்கில இருத்தி வச்சிருப்பினம், ஒரு மணித்தியாலம் கழிச்சு மேசைக்குக் கூப்பிடுவினம், நீங்கள் தமிழில சொல்ல ஒருத்தர் அரைகுறையா மொழிபெயர்க்க மற்றவர் அந்தப் பெரிய புத்தகத்தில சிங்களத்தில எழுதுவார். நீங்கள் பத்து நிமிசம் கதைச்சதுக்கு அவர் நாலு வரிதான் எழுதியிருப்பார். பிறகு பேனையைத் தந்து "இதில சைன்". குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின்ர 109ம் பிரிவைக் கேட்டு வையுங்கோ: வாயால சொன்ன தகவலை, சொன்ன மொழியிலயே எழுதி, சொன்ன ஆளுக்கு வாசிச்சுக் காட்டோணும். அந்த மொழியில எழுத அவையால ஏலாட்டி உங்களையே எழுதித் தரச் சொல்லிக் கேக்கோணும். வடக்கு கிழக்கில தமிழ்தான் நிர்வாக மொழி எண்டு அரசியலமைப்பின்ர 22ம் உறுப்புரை சொல்லுது. அதால நீங்கள் பண்பா, சத்தம் போடாமல், "நான் தமிழில எழுதித் தாறன் சேர்" எண்டு சொல்லலாம். வீட்டிலயே ரெண்டு பிரதி எழுதிக்கொண்டு போனால் இன்னும் சுகம். வாசிக்க விளங்காத ஒண்டில சைன் வைக்காதேங்கோ. வச்சுத்தான் ஆகவேணும் எண்டு நெருக்கினால் சைனுக்குப் பக்கத்தில "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது" எண்டு தமிழில எழுதிப்போட்டு வையுங்கோ. முறைப்பாட்டு இலக்கம் எழுதின துண்டு இல்லாமல் வெளிய வராதேங்கோ.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரி, அதுதான் ஓஐசி, அவரே பிரச்சினை எண்டால் அவரிட்டயே போய் முறையிடுறதில பிரயோசனம் இல்ல. அவருக்கு மேல இருக்கிற எஸ்எஸ்பி, டிஐஜி எண்ட பெரிய அதிகாரியளுக்கு ஒரு கடிதம், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம். மூண்டையும் பதிவுத் தபாலில போட்டு, தபாற்கந்தோரில தாற அந்தச் சின்னப் பற்றுச்சீட்டை கடிதத்தின்ர பிரதியோட குத்தி வையுங்கோ. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல போகாட்டி நல்லது. பரம்பரைக் கதையும் 1981ல நூலகம் எரிச்ச கதையும் அந்தக் கடிதத்துக்குள்ள வேண்டாம், அது உண்மைதான், கோவமும் நியாயம்தான், ஆனால் வாசிக்கிற உத்தியோகத்தர் தேடுறது திகதியும் ஸ்டேஷனும் இலக்கமும்.

இனி மறக்கக் கூடாத ஒண்டு, ஒரு மாசம். அடிப்படை உரிமை மீறல் வழக்கு உயர் நீதிமன்றத்தில போடுறதெண்டால் சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள போடோணும், அரசியலமைப்பின்ர 126ம் உறுப்புரை. சித்திரவதை எண்டால் 11ம் உறுப்புரை, காரணம் சொல்லாமல் பிடிச்சதெண்டால் 13ம் உறுப்புரை. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு பதிஞ்சிருந்தால், அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த மாசக் கணக்கில சேராது எண்டு 1996ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டம் சொல்லுது. ஆனால் சும்மா பதிஞ்சு போட்டு இருந்தால் போதாது, விசாரணை உண்மையிலயே நடக்குது எண்டு காட்டச் சொல்லி நீதிமன்றம் கேக்கும், அதால அவையின்ர பதில் கடிதமெல்லாம் பத்திரம். "பெரிய இடத்து ஆளை என்ன செய்யிறது" எண்டு கேப்பீங்கள். பொலிஸில பெரிய அதிகாரியா இருந்த தேசபந்து தென்னக்கோனை யோசியுங்கோ. 2010ல நடந்த ஒரு சித்திரவதைக்கு அவர் பொறுப்பெண்டு உயர் நீதிமன்றம் 2023 டிசம்பர்ல தீர்ப்பு குடுத்தது, அதுக்குப் பிறகும் ஆளை ஐஜிபி, அதுதான் பொலிஸ் மா அதிபர், ஆக்கினவை, 2025 ஓகஸ்ட்ல பாராளுமன்றம் 177 வாக்கால பதவியை விட்டுத் தூக்கினது. அடி வாங்கின ஆள் ஒரு சாதாரண மனுசன். பதின்மூண்டு வருசம் எடுத்தது, அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேணும்.

ரோட்டில மறிச்சு "ஏதாவது பாத்துச் செய்யுங்கோ" எண்டு காசு கேட்டால் 1954க்குப் போன் அடியுங்கோ, அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர இலக்கம். குடுக்கிறதும் குற்றம் எண்டதை மறந்திடாதேங்கோ. தண்டச் சீட்டைக் கேட்டு வாங்கி தபாற்கந்தோரில கட்டிப்போட்டு வாறது மலிவு.

சரி, இப்ப அரசியல்வாதியளின்ர செலவு. இது பொலிஸ் அளவுக்குப் பயப்படத் தேவையில்லாத வேலை, எனக்கு உண்மையைச் சொன்னால் பிடிச்ச வேலையும் இதுதான். 2025 ஓகஸ்ட் 22ம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணிலைக் கைது செய்தவை, 2023ல லண்டனுக்குப் போன தனிப்பட்ட பயணத்துக்கு அரச காசு 1 கோடியே 66 லட்சம் வரை போனது எண்ட குற்றச்சாட்டில. அவர் இல்லை எண்டு மறுக்கிறார், அதை நீதிமன்றம் பாக்கட்டும். அடுத்த மாசம் முன்னாள் ஜனாதிபதிகளின்ர சலுகையை நிப்பாட்டுற சட்டம் 151க்கு 1 எண்டு நிறைவேறினது. தெற்கில இதெல்லாம் நடக்கேக்க எங்கட ஆக்கள் தேத்தண்ணிக் கடையில இருந்து "அங்க கள்ளர்" எண்டு சிரிச்சினம். எங்கட பிரதேச சபை வாகனம் ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டு வாசலில நிக்கிறதை ஆர் கேக்கிறது?

நீங்கள்தான் கேக்கோணும், கேக்கிறதுக்குச் சட்டமும் இருக்கு. 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. மாநகர சபை, பிரதேச சபை, கச்சேரி (மாவட்டச் செயலகம்), மாகாண சபை அமைச்சு, பொலிஸ் எண்டு எல்லாத்துக்கும் ஒரு தகவல் அலுவலர் இருக்கோணும். ஏன் கேக்கிறீங்கள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. விண்ணப்பத்துக்குக் காசில்ல. 2017ல வந்த விதிப்படி போட்டோகொப்பி முதல் 4 பக்கம் சும்மா, பிறகு ஏ4 ஒரு பக்கத்துக்கு 2 ரூபா.

ஆனால் கேக்கிற விதத்திலதான் எல்லாம் இருக்கு. "தவிசாளர் ஏன் சபைக் காசைச் சாப்பிடுறார்?" எண்டு எழுதினால் ஒண்டும் வராது, அது கேள்வி, ஆவணம் இல்ல. இப்பிடி எழுதுங்கோ:

"2025 ஜூலை 1 தொடக்கம் டிசம்பர் 31 வரை தங்கள் சபையின் தவிசாளர் பாவித்த உத்தியோகபூர்வ வாகனத்தின் தினசரி ஓட்டப் பதிவேடு, எரிபொருள் பற்றுச்சீட்டுகள், திருத்த வேலைகளுக்குச் செலுத்திய தொகை பற்றிய வவுச்சர்கள் ஆகியவற்றின் பிரதிகளைத் தரவும்."

அந்த ஓட்டப் பதிவேடு, ஒபிஸ் ஆக்கள் ரன்னிங் சாட் எண்டு சொல்லுறது, அதுதான் முதுகெலும்பு. எங்கயிருந்து எங்க, எத்தினை கிலோமீற்றர், ஆர் போனது எண்டு சாரதி எழுதியிருப்பார். ஞாயிற்றுக்கிழமையையும் போயா நாளையும் கலண்டரோட வச்சுப் பாருங்கோ. மீற்றர் வாசிப்பு ஒரு நாள் முடிஞ்ச இடத்திலதான் அடுத்த நாள் தொடங்கோணும், நடுவில துள்ளினால் அதையும் குறியுங்கோ. எண்ணெய் பில்லில இருக்கிற லீற்றரை ஓடின கிலோமீற்றரோட வகுத்துப் பாத்தால் சில நேரம் அந்தப் பிக்கப் ட்ராக்டரை விடக் கூட எண்ணெய் குடிச்சிருக்கும். எம்பிமாற்ற விசயம் எண்டால் அவையின்ர பரிந்துரையில ஊர் வேலைக்குப் போற பன்முகப்படுத்தப்பட்ட நிதி எந்தத் திட்டத்துக்கு, எந்தக் கிராமத்துக்கு, எவ்வளவு எண்டு கச்சேரியிலயோ பிரதேச செயலகத்திலயோ கேக்கலாம். கணக்காய்வாளர் நாயகத்தின்ர அறிக்கையள் இணையத்தில கிடக்கு, முதல் அதை ஒருக்கா வாசிச்சுப்போட்டு விண்ணப்பம் எழுதினால் எங்க குத்தோணும் எண்டு தெரியும். 2023ம் ஆண்டு 9ம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு எம்பிமாற்ற சொத்து விபரமும் இலஞ்ச ஆணைக்குழுவின்ர தளத்தில போடோணும், அதையும் பாருங்கோ.

விண்ணப்பம் குடுத்தவுடன எழுத்தில ஒரு ஏற்புத் துண்டு தரோணும். கவுண்டரில இருக்கிறவர் "அதெல்லாம் தேவையில்ல தம்பி, வச்சிட்டுப் போங்கோ" எண்டு அன்பாச் சொல்லுவார். அன்புக்கு நன்றி சொல்லிப்போட்டு துண்டை வாங்குங்கோ, இல்லாட்டி பதிவுத் தபால். 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்ட முடிவைச் சொல்லோணும், தாறதெண்டால் அதுக்குப் பிறகு இன்னொரு 14 நாள், பெரிய தொகை ஆவணம் எண்டால் மேலதிகமா 21 நாள் வரை இழுக்கலாம். பதிலே வராட்டி, இல்லாட்டி "தர இயலாது" எண்டு ஒரு வரி வந்தால், 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூண்டு கிழமை. அதுவும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மறுத்தால் எந்தப் பிரிவின் கீழ எண்டு சொல்லச் சொல்லுங்கோ, 5ம் பிரிவில இருக்கிற காரணங்கள் மட்டும்தான் செல்லும், அதுக்கு மேல பொதுநலன் பெரிசெண்டால் குடுக்கத்தான் வேணும். கூடுதலான ஆக்கள் முதல் மறுப்போட விட்டிடுறவை, சபைக்காரருக்கும் அது தெரியும். எந்தெந்த எம்பி சொத்து விபரம் குடுத்தது எண்ட பட்டியலை 2018ல ஒரு ஊடகவியலாளர் கேட்டு, பாராளுமன்றம் ஏலாது எண்டு நிண்டு, கடைசியா 2023ல மேன்முறையீட்டு நீதிமன்றம் குடுக்கத்தான் வேணும் எண்டது.

இன்னொரு உபாயம், இதையே பொலிஸிலயும் பாவிக்கலாம். "என்ர இன்ன இலக்க முறைப்பாட்டில இதுவரை எடுத்த நடவடிக்கை பற்றிய பதிவின் பிரதி" எண்டு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கோ, மாசக்கணக்கில தூங்கின கோப்பு புரண்டு படுக்கும்.

பேஸ்புக்கில போடுறது எண்டால், கையில கடுதாசி வந்த பிறகு போடுங்கோ. 2024ல வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்று எண்டு சொல்லி எழுதினவைக்கு மேல பாயக் கூடியது, அந்தச் சட்டத்தில எனக்கு ஒரு மரியாதையும் இல்ல, ஆனால் அது இருக்கு. "கள்ளன்" எண்டு எழுதாமல் ரன்னிங் சாட்டின்ர படத்தையும் அந்த நாள் கலண்டரையும் பக்கத்தில பக்கத்தில போடுங்கோ, மிச்சத்தை வாசிக்கிற சனம் சொல்லும். சாரதியின்ர பேரையும் போன் இலக்கத்தையும் மறைச்சு விடுங்கோ, அந்தாள் சொன்ன இடத்துக்கு ஓடின ஆள்.

தனிய செய்யாமல் நாலு பேராச் சேந்து செய்தால் நல்லது. ஒருத்தர் எண்ணெய், ஒருத்தர் கூட்டத்துக்குக் குடுக்கிற படிக்காசு, ஒருத்தர் ஒப்பந்த வேலை எண்டு வேற வேற விண்ணப்பம். பதில் வந்தவுடன சபை அமர்வு எப்ப எண்டு உங்கட வட்டார உறுப்பினரிட்டக் கேட்டு, ஒரு போட்டோகொப்பியை அவரிட்டக் குடுங்கோ. ஆள் எதிர்க்கட்சி எண்டால் தேத்தண்ணியும் தந்து வாங்குவார், ஆளுங்கட்சி எண்டால் மற்றப் பிரதியைக் கொண்டு அடுத்த வட்டாரத்துக்குப் போங்கோ.