செடிக்குப் பெயர் அட்டை: எழுத்து ஏன் முதலில் போகிறது?

பெயர் அட்டை செய்ய உட்காரும்போது மரமா, பிளாஸ்டிக்கா, தகடா என்றே எல்லோரும் யோசிக்கிறோம். எதைக்கொண்டு எழுதுவது என்று யோசிப்பவர் குறைவு. ஆனால் அட்டை உடைவதற்கு முன்பே எழுத்து போய்விடும். எந்த ரகக் கத்தரி எந்தப் பாத்தியில் என்று கேட்டால், வெள்ளைத் துண்டுகள் பதில் சொல்லாது.

பெர்மனென்ட் மார்க்கரை நம்புவதுதான் இதில் பெரிய தவறு. அது தண்ணீருக்குத் தாங்கும், வெயிலுக்குத் தாங்காது. மையிலுள்ள சாயத்தைப் புற ஊதாக் கதிர்கள் சிதைப்பதால், வெயில் படும் இடத்தில் சில மாதங்களிலேயே வெளிறிவிடும். அதற்குச் சாதாரண பென்சில் எவ்வளவோ மேல். அதன் முனையில் இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன். வெயிலில் அது வெளிறாது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் பென்சில் பிடிக்காவிட்டால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு எழுதுங்கள்.

மையே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. காலியான குளிர்பான டின்னைக் கத்தரித்து, பழைய செய்தித்தாள் அடுக்கின் மேல் வைத்து, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து தகட்டிலேயே பள்ளமாகப் பதியும். பேனா மை போனாலும் பெயர் இருக்கும். என்னைக் கேட்டால், பல ஆண்டு நிற்கும் மரங்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும், மடித்துவிடுங்கள். அந்த அலுமினியத் தகட்டைச் செப்புக் கம்பியில் மாட்ட வேண்டாம். இரண்டு உலோகங்களும் ஈரத்தில் தொட்டுக்கொண்டே இருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும், துளையும் பெரிதாகும். அலுமினியக் கம்பியே போதும்.

லேமினேட் செய்த காகிதம் பார்க்க அழகு. ஆனால் லேமினேட் செய்தபின் காகிதத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்டினால், அந்த ஓரம் வழியாக ஈரம் ஏறி உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். சுற்றிலும் சில மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் இருக்க வேண்டும். அச்சிடுவதானால் இங்க்ஜெட்டைவிட லேசர் பிரிண்டர் நல்லது. அதன் கறுப்பு டோனர் நீரில் கரையாது.

ஐஸ் குச்சி நாற்றுத்தட்டுக்குச் சரி, தோட்டத்துக்கு ஆகாது. மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் மரம் முதலில் மக்கும். தயிர் டப்பாவில் வெட்டிய பிளாஸ்டிக்கும் வெயிலில் மொறுமொறுப்பாகி, பிடித்து இழுத்தால் கையோடு முறியும்.

பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவதும் பொதுவாக நடப்பதுதான். ரகம், விதைத்த தேதி இரண்டையும் சேர்த்தால்தான் அடுத்த பருவத்துக்கு உதவும். அணிலோ காற்றோ அட்டையைப் பிடுங்கிப்போடலாம் என்பதால், பாத்தியின் வரைபடம் ஒன்று நோட்டில் இருக்கட்டும்.

மரத்துக்கு மாட்டும்போது அடிமரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். மரம் பருக்கும், கம்பி பருக்காது. பட்டை நெரிந்து, அதன் வழியே இலைகளிலிருந்து வேருக்குப் போகும் உணவு தடைப்படும். பக்கக் கிளை ஒன்றில் தளர்வாகத் தொங்கவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை கம்பியைத் தளர்த்திவிடுங்கள்.