அலையாத்தி வேரில் செம்பாசி: அடையாளம் காண்பது எப்படி?

பூம்புகார் முதல் கோடியக்கரை தாண்டி முத்துப்பேட்டை வரை நம் டெல்டாவின் கரை பெரும்பாலும் மணலும் சேறும்தான். கடற்பாசி ஒட்டி வளர உறுதியான பிடிமானம் வேண்டும். பாறை இல்லாத இந்தக் கரையில் அந்தப் பிடிமானத்தைத் தருபவை அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள். கலோகிளாசா என்ற சின்னஞ்சிறு செம்பாசியை அங்கேதான் தேட வேண்டும்.

1. கிளம்பும் முன்

முத்துப்பேட்டைக் காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வாங்குங்கள். படகு ஜாம்புவானோடையிலிருந்து. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைத் தட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். கோரையாறும் பாமணியாறும் கலங்கலாக வரும். தண்ணீர் வற்றும் நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. எங்கே பார்ப்பது

வெயில் படாத பக்கம், சேற்றுக்குச் சற்று மேலே உள்ள வேர்ப்பகுதி. தண்ணீர் வற்றினாலும் அங்கே ஈரம் தங்கும். சிவப்பைத் தேடாதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமியோடு பச்சையமும் கலந்திருப்பதால் இது கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும். மேலே சேறு வேறு படிந்திருக்கும். வேரில் அழுக்குத் திட்டு மாதிரி இருந்தால் அதில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. லென்ஸில் பார்ப்பது

வேரைப் பிடுங்க வேண்டாம். மரம் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். சேகரிக்க அனுமதி இருந்தால் மட்டும் நகத்தால் சிறு துணுக்கு எடுத்து, தட்டில் தண்ணீர் விட்டு விரியுங்கள். இல்லையென்றால் வேரிலேயே வைத்துப் பாருங்கள், படம் எடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையான குட்டி இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். இரண்டு இலை சேரும் இடம் நன்றாக ஒடுங்கியிருக்கும். கிளைகள் இரண்டிரண்டாகப் பிரியும். ஒவ்வொரு இலையின் நடுவிலும் ஒரு நரம்பு ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நரம்பைத் தவிர மற்ற பகுதி கண்ணாடி போலத் தெரியும், ஏனென்றால் அங்கே ஒரே ஒரு செல் அடுக்குதான். ஒடுங்கிய கணுவின் அடிப்பக்கத்தில் மெல்லிய வேர்நார்கள் கொத்தாக இருக்கும். நரம்பும் கணுவும் சேர்ந்து தெரிந்தால் கலோகிளாசா என்று எழுதலாம்.

4. பக்கத்தில் வளர்பவை

இரண்டு பாசிகள் குழப்பும். போஸ்ட்ரிக்கியா நூல் போன்றது, நுனி உள்நோக்கிச் சுருண்டிருக்கும், இலையே கிடையாது. காடனெல்லா துண்டு துண்டாகக் கோத்த மாதிரி இருந்தாலும் துண்டுகள் சற்று உப்பலாக இருக்கும், நடுநரம்பு இருக்காது. மூன்றும் ஒரே வேரில் வளரலாம், அதனால் ஒரு திட்டைப் பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள்.

5. பெயர் எழுதுவது

புத்தகத்தில் பார்த்ததும் கலோகிளாசா லெப்ரியூரி என்று இனப்பெயரையும் சேர்த்து எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். கலோகிளாசா என்பது பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் அடங்கிய குழு. இதில் ஒன்றுபோலவே தோன்றும் இனங்கள் பல. கணுவிலிருந்து எத்தனை செல் வரிசை கிளம்புகிறது என்பதையெல்லாம் நுண்ணோக்கியில் எண்ணித்தான் பிரிக்கிறார்கள். அதுவரை பேரினப் பெயரே போதும். கூடவே தேதி, மரம், சேற்றிலிருந்து உயரம், வேரின் எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் இவை தெரியாது.